வயலில் கூடு கட்டும் குருகு

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் லீட்டன் வட்டாரம் மழை குறைந்த பகுதி. வாய்க்கால் பாசனத்தில்தான் நெல் விளைகிறது. அருகிலுள்ள ஃபைவ்பவ், டக்கர்பில் சதுப்பு நிலங்கள் 2002-ஆம் ஆண்டில் ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்டன. பறவை பார்ப்போர் பைனாகுலருடன் அங்கே வருகின்றனர். அவர்கள் தேடும் அரிய பறவை, கொக்கு இனத்தைச் சேர்ந்த பெருங்குருகு. அழியும் நிலையிலுள்ள இக்குருகு, சதுப்பு நிலத்தில் மட்டுமல்லாமல், சுற்றியுள்ள நெல் வயல்களிலும் கூடு கட்டுகிறது. 2012-இல் தொடங்கிய ஆய்வு இதைத் தெளிவாக்கியது. தேங்கிய நீரில் பெருகும் தவளையும் தலைப்பிரட்டையும் அதன் இரை.

நீர் அருமையாகிவிட்டதால், பயிர் நன்கு வளர்ந்த பிறகே தண்ணீர் கட்டும் சிக்கன முறை இன்று அங்கே பரவி வருகிறது. உழவர்களைக் குறை கூற இடமில்லை. ஆனால் தாமதமாகக் கட்டிய தண்ணீரை அறுவடைக்காக வடிக்கும்போது, குஞ்சுகளுக்கு இறகு முளைத்திராது.

பறவையைக் காக்கும் செலவை உழவர் தலையில் மட்டும் சுமத்துவது நியாயமன்று. முன்கூட்டியே தண்ணீர் கட்டி, வரப்போரப் புல்லையும் விட்டுவைப்பவருக்கு ஊக்கத்தொகை தொடர்ந்து கிடைக்க வேண்டும். பூங்காவுக்கு வேலி போட்டால் மட்டும் போதாது. குருகுக்கு வேண்டியது வயலில் நிற்கும் தண்ணீர்.