நடுக்கம் ஒன்று, மூலிகை இரண்டு
டோபமைனை வடித்துவிடும் செடியும் அதை நிரப்பும் கொடியும் ஒரே மலைத்தொடரில் வளர்கின்றன. எது எவ்வளவு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பாலக்காடும் இடுக்கியும் ஒன்றையொன்று தொடாத மாவட்டங்கள். ஆனால் இரண்டுக்கும் கிழக்கு எல்லை தமிழ்நாடுதான். அட்டப்பாடியிலிருந்து பரம்பிக்குளம் வரை ஒன்று, மறையூரிலிருந்து குமுளி வரை மற்றொன்று. வீட்டில் தமிழ், கடைத்தெருவில் மலையாளம் என்று வாழும் குடும்பங்கள் இரண்டு பக்கமும் ஏராளம். இங்கே ஒரு பெரியவருக்குக் கை நடுங்கத் தொடங்கினால் தமிழில் அது 'நடுக்கம்', மலையாளத்தில் 'விறயல்'. இரண்டு மொழியிலும் பொதுவாக வரும் பதில்: 'வாதம், வயசாச்சு இல்லையா?'

பல நேரங்களில் அது வயதின் கோளாறு மட்டுமல்ல. மூளைக்குள் டோபமைன் என்ற ரசாயனம் வற்றிப்போவதன் அடையாளம். இந்த உண்மையை உலகம் தெரிந்துகொண்டதில் இந்த மலைத்தொடரின் அடிவாரங்களில் வளரும் இரண்டு தாவரங்களுக்குப் பங்குண்டு. ஒன்று சர்ப்பகந்தி. மலையாளத்தில் அமல்பொரி. மற்றொன்று பூனைக்காலி. மலையாளிகளுக்கு நாய்க்குரணை. அதன் காய்மேல் இருக்கும் சுணை பட்டால் உடம்பெல்லாம் அரிப்பெடுக்கும். பள்ளிக்கூடக் குறும்பர்களுக்கு அது நன்றாகத் தெரியும்.

முதல் தாவரம் டோபமைனைக் காலி செய்கிறது. இரண்டாவது அதை நிரப்புகிறது.

சர்ப்பகந்தியின் வேர் இந்திய வைத்தியத்தில் பழைய சரக்கு. 1931ல் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இரு வங்காள மருத்துவர்கள், மனநோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் அது பயன்படுவதை எழுதினார்கள். 1949ல் பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல், ரத்த அழுத்த நோயாளிகளிடம் தான் கண்ட பலனைப் பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னலில் வெளியிட்டார். 1952ல் சுவிட்சர்லாந்தின் சிபா நிறுவன விஞ்ஞானிகள் வேரிலிருந்து ரெசர்பின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். சில ஆண்டுகளில் அது உலகெங்கும் மாத்திரையாகப் பரவியது. கூடவே ஒரு விநோதமும் தெரியவந்தது. அதிக அளவில் ரெசர்பின் சாப்பிட்ட சிலருக்கு உடல் விறைத்தது, நடை சுருங்கியது, கை நடுங்கியது. லண்டன் டாக்டர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817ல் விவரித்த நோயின் அதே முகம்.

காரணத்தை ஸ்வீடனின் லுண்ட் நகரில் அர்வித் கார்ல்சன் கண்டுபிடித்தார். ரெசர்பின் ஊசி போட்ட முயல்கள் காது தொங்க, அசைவற்றுக் கிடந்தன. நரம்பு நுனிகளில் சேமித்து வைக்கப்பட்டிருக்கும் ரசாயனங்களை அந்த மருந்து வடித்துவிட்டிருந்தது. 1957ல் கார்ல்சன் அந்த முயல்களுக்கு டோபா என்ற பொருளைச் செலுத்தினார். சிறிது நேரத்தில் அவை காதை நிமிர்த்திக்கொண்டு எழுந்து நடமாடின. டோபா மூளைக்குள் சென்று டோபமைனாக மாறுகிறது என்பதும், டோபமைன் இல்லாமல் உடல் அசையாது என்பதும் தெளிவாயின. இந்தப் பணிகளுக்காக 2000ல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

முயலை எழுப்பிய அந்தப் பொருள் சென்னைக்குப் புதிதல்ல. இருபது ஆண்டுகளுக்கு முன்பே, 1937ல், சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில் எம். தாமோதரனும் ஆர். ராமசாமியும் பூனைக்காலி விதையிலிருந்து டோபாவைப் பிரித்தெடுத்து ஆய்விதழில் வெளியிட்டிருந்தார்கள். அதற்கும் முன்னால், 1913ல், மார்க்கஸ் குகன்ஹைம் என்பவர் ஐரோப்பிய அவரை ஒன்றிலிருந்து அதை எடுத்தார். இரண்டரை கிராமை விழுங்கியும் பார்த்தார். கடும் வாந்திதான் மிச்சம். பொருள் கையில் இருந்தது, நோயும் ஊரெங்கும் இருந்தது. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்பதுதான் அப்போது யாருக்கும் தெரியவில்லை.

சம்பந்தம் வியன்னாவில் கிடைத்தது. 1960ல் எரிங்கர், ஹோர்னிகீவிச் என்ற இருவர், பார்க்கின்சன் நோயால் இறந்தவர்களின் மூளையைச் சோதித்தபோது ஒரு குறிப்பிட்ட பகுதியில் டோபமைன் மிகவும் குறைந்திருந்தது. அந்தப் பகுதி, மூளையின் ஆழத்தில் இருக்கும் பேசல் கேங்லியா என்ற நரம்புத் திரள்கள். 1961ல் நோயாளிகளுக்கு எல்-டோபா ஊசி போட்டார்கள். எழுந்து உட்கார முடியாதவர்கள் நடந்தார்கள். ஆனால் சில மணி நேரம்தான்.

பேசல் கேங்லியாவின் வேலையைப் புரிந்துகொள்ளப் போடிமெட்டு மலைப்பாதையில் பஸ் ஓட்டுபவரை நினைத்துக்கொண்டால் போதும். ஒரு கால் ஆக்ஸிலரேட்டருக்கும் பிரேக்குக்கும் மாறி மாறிப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். மூளையிலும் அப்படி இரண்டு பாதைகள் உண்டு. ஒன்று 'செய்' என்று அசைவை அனுமதிக்கிறது. மற்றது 'வேண்டாம்' என்று தடுக்கிறது. டோபமைன் முதல் பாதைக்கு ஊக்கம் தருகிறது, இரண்டாவதை அடக்கி வைக்கிறது. அதனால்தான் டம்ளரை எடுக்க நினைத்தவுடன் கை அதை மட்டும் எடுக்கிறது.

டோபமைனை அனுப்புபவை நடுமூளையில் கறுப்பு நிறத்தில் தெரியும் ஒரு சிறு திட்டில் இருக்கும் செல்கள். பார்க்கின்சன் நோயில் இவை ஒவ்வொன்றாக அழிகின்றன. பிரேக் அழுந்தியே கிடக்கிறது. அசைவு மெதுவாகிறது. தசை விறைக்கிறது. கையெழுத்து சிறுத்துப்போகிறது. குரல் தணிகிறது. முகத்தில் சிரிப்பும் கோபமும் தெரியாமல் போகின்றன. நடுக்கம் பெரும்பாலும் ஒரு பக்கக் கையில், அது சும்மா இருக்கும்போது தொடங்கும். நடுக்கமே இல்லாமலும் நோய் வரலாம். மலச்சிக்கலும் வாசனை தெரியாமல் போவதும் பல ஆண்டுகள் முன்பே தலைகாட்டக்கூடும். வெளியே தெரியும்போது செல்களில் கணிசமான பகுதி போயிருக்கும்.

டோபமைன் மிஞ்சினாலும் ஆபத்துதான். பிரேக் பிடிக்காத பஸ்ஸைப்போல உடம்பு தானாகவே நெளியும், துள்ளும். ஹண்டிங்டன் என்ற பரம்பரை நோயில் தடுக்கும் பாதை முதலில் பழுதாவதால் இப்படி நடக்கிறது. அதற்குக் கொடுக்கப்படும் டெட்ராபெனசின், கிட்டத்தட்ட சர்ப்பகந்தியின் வழியிலேயே டோபமைன் சேமிப்பைக் குறைக்கிறது. ஒருவரை முடக்கிய அதே செயல் இன்னொருவருக்குச் சிகிச்சையாகிறது.

எல்-டோபாவை நோயாளிகள் தினமும் சாப்பிடும் மருந்தாக்கியவர் அமெரிக்காவில் பணியாற்றிய ஜார்ஜ் கோட்சியாஸ். 1967ல் அவர் வெளியிட்ட முறையின் சூட்சுமம் எளிமையானது. சிறு அளவில் தொடங்கி, மெல்ல மெல்லக் கூட்டினார். குகன்ஹைமைப் படுத்திய வாந்தியைப் பல நோயாளிகள் அதனால் தாக்குப்பிடித்தார்கள். பிறகு கார்பிடோபா சேர்ந்தது. மாத்திரை மூளைக்குப் போகும் முன்பே ரத்தத்தில் டோபமைனாக வீணாவதை அது தடுக்கிறது. எல்-டோபாவின் தேவை ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகக் குறைந்தது. இன்றும் பார்க்கின்சன் சிகிச்சையில் இந்தக் கூட்டு மாத்திரைக்கே முதலிடம். இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் அது இருக்கிறது.

அப்படியானால் மலையடிவாரத்துப் பூனைக்காலி? அதை வெறும் நம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. விதையில் சுமார் 4 முதல் 6 சதவீதம் வரை எல்-டோபா உண்டு. ஆயுர்வேதம் 'கம்பவாதம்' என்று சொல்லும் நோய்க்கு அந்த விதை பழைய மருந்து. 2000ல் வெளியான ஓர் இந்திய ஆய்வில், பூனைக்காலி சேர்ந்த ஆயுர்வேதக் கலவையைப் பாலில் 18 நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சோதித்தபோது ஒரு வேளை மருந்தில் சுமார் 200 மில்லிகிராம் எல்-டோபா இருந்தது. 2004ல் லண்டனில் 8 நோயாளிகளிடம் நடந்த சோதனையில் விதைப்பொடி மாத்திரையைவிடச் சீக்கிரம் வேலை செய்தது, பலன் அதிக நேரம் நின்றது.

மறுபக்கமும் இருக்கிறது. மாத்திரை வாங்க வசதியில்லாதவர்களுக்கு இந்தப் பொடி மாற்றாகுமா என்று பொலிவியாவில் பார்த்தார்கள். 2017ல் வெளியான முதல் ஆய்வில், ஒரு வேளை கொடுத்தபோது நல்ல முடிவு. அடுத்த ஆண்டு வெளியான ஆய்வில் 14 பேர் தினமும் சாப்பிட்டார்கள். பாதிப் பேர் வயிற்றுத் தொல்லையாலோ நோய் கூடியதாலோ நடுவில் நிறுத்திவிட்டார்கள். 2022ல் அமெரிக்காவில் விற்கும் 16 பூனைக்காலித் தயாரிப்புகளைச் சோதித்தபோது, ஒரு வேளைக்கான அளவில் எல்-டோபா 2 மில்லிகிராமிலிருந்து 240 மில்லிகிராம் வரை ஏறி இறங்கியது. ஒரு டப்பா வெறும் மாவு, அடுத்தது முழு மருந்து.

இந்த மலைகளில் விதையை நெடுங்காலமாகக் கையாண்டவர்கள் இதை அறியாதவர்கள் அல்ல. பழங்குடியினர் சிலர் பூனைக்காலி விதையைச் சாப்பிடும் முன் பலமுறை தண்ணீரை மாற்றி மாற்றி வேகவைக்கிறார்கள். டோபாவில் பெரும்பகுதி அந்தத் தண்ணீரோடு போய்விடுகிறது. வைத்தியர்கள் பாலில் வேகவைத்து, தோல் நீக்கிச் சுத்தி செய்கிறார்கள். விதையை உணவாக்குவதற்கு ஒரு முறை, மருந்தாக்குவதற்கு ஒரு முறை. பொட்டலப் பொடியை அவரவர் இஷ்டத்துக்கு அள்ளிப் போட்டுக்கொள்வது இந்த இரண்டிலும் சேராது.

பொடியோடு மாத்திரையும் சேரும்போதுதான் சிக்கல். பாலக்காட்டு எல்லையில் இருப்பவர் கோயம்புத்தூரில் டாக்டரைப் பார்க்கிறார். இடுக்கி எல்லையில் இருப்பவர் கோட்டயத்துக்கோ மதுரைக்கோ போகிறார். டாக்டர் எழுதிய மாத்திரை ஒரு பக்கம், நாட்டு மருந்துக் கடைப் பொடி மறுபக்கம். ஒரு தேக்கரண்டி, அதாவது 5 கிராம் பொடியில் 200 முதல் 300 மில்லிகிராம் எல்-டோபா இருக்கலாம். இரண்டும் சேர்ந்து அளவு தாண்டினால் கை கால் தானாக நெளியும், ரத்த அழுத்தம் திடீரென இறங்கி ஆள் விழலாம், இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரியலாம். பொடி இருக்கிறதே என்று மாத்திரையைத் திடீரென நிறுத்துவது இன்னும் மோசம். உடல் இறுகிக் கடும் காய்ச்சல் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

சர்ப்பகந்தியின் பாடத்தையும் மறக்க முடியாது. ரெசர்பின் இன்று அபூர்வம். ஆனால் டோபமைனின் வேலையைக் கெடுக்கும் வேறு மாத்திரைகள் வீட்டுக்கு வீடு இருக்கின்றன. தலைசுற்றலுக்கான சின்னரிசின், ஃபுளூனரிசின். வாந்திக்கான மெட்டோகுளோபிரமைடு. வயிற்று உப்பசத்துக்கு அமிலம் குறைக்கும் மருந்தோடு சேர்த்துத் தரப்படும் லெவோசல்பிரைடு. மனநோய்க்கான ஹாலோபெரிடால். ஒரு முறை எழுதிய சீட்டை வைத்து மாதக்கணக்கில் வாங்கிச் சாப்பிடும் முதியவருக்கு இவற்றாலேயே நடுக்கமும் விறைப்பும் வரலாம். பெரும்பாலானவர்களுக்கு அந்த மருந்தை நிறுத்தினால் சில வாரங்களிலோ மாதங்களிலோ அது குறைந்துவிடும். யாரும் கவனிக்காவிட்டால், ஒரு மாத்திரை உண்டாக்கிய நடுக்கத்துக்கு இன்னொரு மாத்திரை ஏறும். மனநோய் மருந்தை மட்டும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

எல்-டோபாவும் நோயைக் குணப்படுத்துவதில்லை. அழிந்த செல்களை அது மீட்காது, அவை அனுப்பத் தவறியதை மட்டும் கொடுக்கும். சில ஆண்டுகளில் பலன் நிற்கும் நேரம் குறையும், வேளை மாற்ற வேண்டியிருக்கும். மருந்து மட்டும் போதாத சிலருக்கு மூளையில் மின்முனை பொருத்தும் சிகிச்சை உண்டு. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் அதற்கான அசைவுக் கோளாறுப் பிரிவு இயங்குகிறது. ஆனால் எல்லைக் கிராமங்களில் பெரும்பாலோருக்குத் தேவைப்படுவது அதுவல்ல. நடுக்கத்தை வயதின் கணக்கில் எழுதிவிடாமல் முதல் வருடத்திலேயே நரம்பியல் டாக்டரிடம் போவது, மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால், தினமும் அதே நேரத்தில் எடுப்பது, நடப்பதை விடாமல் இருப்பது. பருப்பும் மீனும் அதிகமுள்ள உணவோடு மாத்திரையை விழுங்கினால் அது உடலில் ஏறுவது தாமதமாகும்.

இன்னொன்றும் உண்டு. டாக்டரைப் பார்க்கப் போகும்போது வீட்டில் இருக்கும் மருந்துகள் அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்ல வேண்டும். தலைசுற்றல் மாத்திரை, வாயு மாத்திரை, கஷாய பாட்டில், பூனைக்காலிப் பொடி, எதையும் விடக் கூடாது. பொடியைக் காட்ட வெட்கப்பட வேண்டியதில்லை. அதிலும் மருந்து இருக்கிறது என்பதால்தான் டாக்டருக்கு அது தெரிந்தாக வேண்டும்.