ஆளுக்கு ஓர் ஆசை

ஐந்து பேர், பத்து நாள், இரண்டு நாடு. கணக்கு இவ்வளவுதான். ஆனால் குனோங் ராபாட்டில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இந்தக் கணக்கு மூன்று வாரமாகத் தீரவில்லை.

ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறைக்கு லண்டனும் பாரிசும் போவதாக முடிவு. நான்கு ஆண்டுச் சேமிப்பு. மகனுக்கு லிவர்பூலின் அன்ஃபீல்டு திடல். மகளுக்கு லூவர் அருங்காட்சியகம். வீட்டுக்காரருக்குக் கடலுக்கு அடியில் ரயில் பயணம். எனக்கு, கடிகாரம் பார்க்காமல் செய்ன் நதிக்கரையில் ஒரு காலை நடை.

நான் போட்ட முதல் அட்டவணையில் எல்லாருக்கும் எல்லாம் இருந்தது. காலை ஆறு மணிக்கு எழுந்தால் இரவு பதினொன்றுக்குத்தான் படுக்கை. "அம்மா, இது விடுமுறையா, பள்ளி முகாமா?" என்றான் மகன். டிசம்பரில் லண்டனில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும் என்பதும் அப்போதுதான் உறைத்தது. அட்டவணையைக் கிழித்துப் போட்டேன்.

புது விதி வந்தது. ஆளுக்கு ஓர் ஆசை. அதற்கு மற்ற நால்வரும் முகம் சுளிக்காமல் கூட வர வேண்டும். மீதியெல்லாம் நேரம் இருந்தால் மட்டும்.

அதன் பிறகு காரியம் எளிதானது. லண்டனில் இறங்கி பாரிசிலிருந்து திரும்பினால் வந்த வழியே போக வேண்டாம். இரண்டு நகரங்களுக்கும் இடையே ரயிலில் ஏறக்குறைய இரண்டேகால் மணி நேரம். அது 1994-இல் திறந்த 50 கிலோமீட்டர் சுரங்கம் வழியாகத்தான் போகிறது. ஆக, வீட்டுக்காரர் ஆசைக்குத் தனி நாளே தேவையில்லை. அன்ஃபீல்டுக்குக் காலையில் ரயிலேறி மாலையில் திரும்பிவிடலாம். லூவர் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும். அன்று என் நதிக்கரை.

அத்தைக்கு? என் மாமியாருக்கு வயது 72, முழங்கால் வலி. பாரிசில் ரயில் நிற்கும் கார் து நோர் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் லா சப்பேல். இலங்கைத் தமிழர் கடைகள், மாணிக்க விநாயகர் ஆலயம், சோறு, சாம்பார். அத்தை கணக்கு முடிந்தது என்று எழுதிவிட்டேன். அவரிடம் கேட்கவே இல்லை.

மகள்தான் கேட்டாள். "பாட்டி, உங்க ஆசை என்ன?"

"எனக்கென்னம்மா, நீங்க போற இடத்துக்கு வரேன்" என்று அடுப்படிக்குப் போனவர், காப்பியோடு திரும்பி வந்து கேட்டார்.

"கோலகங்சார்ல ஒரு மரம் பார்த்தோமே, அதோட விதை முதல்ல போன ஊரு அங்கதானே இருக்கு?"

இரண்டு ஆண்டுக்கு முன் மகளின் பள்ளி வேலைக்காக எல்லாரும் போய்ப் பார்த்த ரப்பர் மரம். 1876-இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தவற்றில் பெரும்பகுதி இலங்கைக்குப் போனது. 1877-இல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் 9 கோலகங்சாரில் நடப்பட்டன. மிஞ்சி நிற்பது அந்த ஒரு மரம். எனக்கு அது படம் எடுத்த இடம், அவ்வளவுதான்.

அத்தை சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் 19 ஆண்டு பால் வெட்டியவர். விடியுமுன் பெரட்டு, நெற்றியில் விளக்கு, மங்கு மங்காய்ப் பால் எடுத்து வாளியில் ஊற்றிச் சுமந்தவர். இன்று அங்கே செம்பனை நிற்கிறது. குடியிருந்த லயமும் இல்லை.

"அந்த மரம் எங்கேருந்து வந்துச்சுன்னு ஒரு தடவ பார்க்கணும்." வேறு எதுவும் சொல்லவில்லை. வீட்டுக்காரர் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். தன் தாய் எதையாவது வேண்டும் என்று கேட்டு அவர் பார்த்ததே இல்லையாம்.

கியூவுக்கு ஒரு முழு நாள் ஒதுக்கினோம். பாரிஸ் டிஸ்னிலேண்ட் விட்டுப்போனது. மகளுக்கு முகம் சற்று வாடியது. ஆனாலும் கேட்டவள் அவள்தானே, வாய் திறக்கவில்லை.

"அந்தக் குளிர்ல பால் மரம் எப்படிம்மா வளரும்?" என்று அத்தைக்கு ஒரு சந்தேகம். கண்ணாடி வீடு கட்டி உள்ளே சூடேற்றி வைத்திருப்பார்கள் என்று மகள் விளக்கினாள். "அப்ப நம்மூரு மாதிரியே வேர்க்கும்" என்று அத்தை சிரித்தார்.

பயணம் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். மலேசியக் கடப்பிதழ் இருந்தால் பிரான்சுக்கு 90 நாள் வரை விசா வேண்டாம். பிரிட்டனுக்கு முன்கூட்டியே இணையத்தில் பயண அனுமதி வாங்க வேண்டும். கிறிஸ்துமஸ் அன்று லண்டனில் ரயில் ஓடாது.

இன்னொன்றும் உண்டு. "எனக்கென்ன, நீங்க போற இடத்துக்கு வரேன்" என்று சொல்பவர் உங்கள் வீட்டிலும் இருப்பார். டிக்கெட் வாங்குமுன் அவரிடம் இரண்டாவது முறையும் கேளுங்கள். நான் முதல் முறையே கேட்கவில்லை.