விளையாட்டுக் கட்டிகளில் எழும் விண்கலங்கள்

மணலிலே வீடு கட்டி விளையாடுதல் பிள்ளைகளுக்கு மிகப் பழைய விளையாட்டு. நம் புலவர்கள் ஆண்பாற் பிள்ளைத்தமிழில் 'சிற்றில்' என்று ஒரு பருவமே வகுத்தனர். சிறுமியர் இழைத்த மணல்வீட்டைக் காலால் அழிக்க வரும் குறும்புக்காரப் பிள்ளையை, அழிக்க வேண்டாம் என்று அவர்கள் வேண்டிக்கொள்வதே அப்பருவத்தின் பொருள். இக்காலத்துப் பிள்ளைகளோ வீட்டோடு நின்றுவிடுவதில்லை. சின்னஞ்சிறு பிளாஸ்டிக் கட்டிகளை ஒன்றோடொன்று பொருத்தி, வேற்றுக் கிரகங்களுக்குச் செல்லும் விண்கலங்களையும் இயந்திர மனிதர்களையும் ஆக்குகின்றனர். ஆக்கியதைத் தாமே கலைத்து, மறுநாள் வேறொன்று கட்டுகின்றனர். இதனை வீண் பொழுதுபோக்கு என ஒதுக்கும் பெற்றோரும் உளர்; விலை கொடுத்து வாங்கிய பொருள் உருக்குலைந்து கிடக்கின்றதே என வருந்துவோரும் உளர். அக்கட்டிகளின் வரலாற்றையும் அவற்றால் விண்கலம் ஆக்கும் கலையையும் சற்று அறிந்துகொண்டால், இவ்விரு மனக்குறைகளும் நீங்கும் என்பது எமது எண்ணம்.

டென்மார்க் நாட்டிலே பில்லுண்ட் என்னும் சிற்றூரில் ஒலே கிர்க் கிறிஸ்தியான்சன் என்னும் தச்சர் ஒருவர் வாழ்ந்தார். உலகப் பொருளாதார மந்தத்தால் தச்சுத்தொழில் நலிந்தபோது, 1932ஆம் ஆண்டில் அவர் மரத்தாலான விளையாட்டுப் பொருட்களைச் செய்யத் தொடங்கினார். 1934இல் தம் தொழிலுக்கு 'லெகோ' என்று பெயரிட்டார். 'நன்றாக விளையாடு' எனப் பொருள்படும் இரண்டு டேனிஷ் சொற்களின் சுருக்கமே அது. இங்கிலாந்தில் ஹிலரி பேஜ் என்பவர் செய்து விற்ற பிளாஸ்டிக் கட்டிகளை முன்மாதிரியாகக் கொண்டு, 1949இல் லெகோவும் அத்தகைய கட்டிகளை வெளியிட்டது. எனினும் அவை இறுகப் பற்றி நிற்கவில்லை. கட்டியின் மேற்புறத்துக் குமிழ்களைப் பிடித்துக்கொள்ள உட்புறத்தில் வெற்றிடம் மட்டுமே இருந்தது. ஒலேயின் மகன் கொட்பிரெட் அவ்வெற்றிடத்தினுள் குழாய்களை அமைக்கும் முறையைக் கண்டு, 1958ஆம் ஆண்டு ஜனவரி 28ஆந் திகதி அதற்குக் காப்புரிமை கோரினார். அதன் பின்னர் கட்டிகள் அசையாது நின்றன. வேண்டியபோது பிரிக்கவும் முடிந்தது. தந்தையார் அவ்வாண்டிலேயே காலமானார்.

அன்று வார்க்கப்பட்ட கட்டியொன்று இன்று வார்க்கப்படும் கட்டியோடும் பொருந்துகின்றது. பாட்டனார் வைத்திருந்த பெட்டியும் பேரன் வைத்திருக்கும் பெட்டியும் ஒரே கலத்தினுள் ஒன்றாகிவிடலாம். இனி அதன் பெருக்கத்தைப் பாருங்கள். எட்டுக் குமிழ்கள் கொண்ட, ஒரே நிறமுடைய கட்டிகள் இரண்டை 24 வகையாகப் பொருத்தலாம். மூன்றை 1,060 வகையாகப் பொருத்தலாம். ஆறு கட்டிகள் இருப்பின் 915,103,765 வகைகள் உண்டெனக் கொப்பன்ஹேகன் பல்கலைக்கழகக் கணித அறிஞர் சோரென் ஐலர்ஸ் கணித்துக் காட்டினார். ஆறே கட்டிகளுக்குத் தொண்ணூற்றொரு கோடிக்கு மேல்! ஒரு பிள்ளையின் கையில் ஒரு பிடி கட்டிகளைக் கொடுக்கும்போது எத்துணைப் பெரிய உலகத்தைக் கொடுக்கின்றோம் என்பது இதனால் விளங்கும்.

மனிதன் 1969இல் சந்திரனில் இறங்கியபின், விளையாட்டு உலகமும் வானத்தை நோக்கியது. லெகோவின் வடிவமைப்பாளரான யென்ஸ் நைகார்ட் நுட்சன் என்பவர், 1978இல் வெளிவந்த சிறு மனித உருவத்தையும் அவ்வுருவம் ஏறிச் செல்லும் விண்வெளி வரிசையையும் வகுத்தார். உருவத்தின் உயரம் ஏறத்தாழ நான்கு சென்ரிமீற்றர். முகத்திலே இரண்டு புள்ளிக் கண்களும் வளைந்த புன்னகையும் மட்டுமே. முதலிற் சிவப்பும் வெள்ளையுமாக வந்த அவ்விண்வெளி வீரர்களின் மார்பிற் பொன்னிறக் கிரகமொன்று பொறிக்கப்பட்டிருந்தது. 1979இல் வெளிவந்த 'கலக்சி எக்ஸ்புளோரர்' என்னும் கலத்திலே 338 உறுப்புகள் இருந்தன. நீலச் சிறகுகள், மஞ்சள் நிறக் கண்ணாடி, பின்புறக் கதவைத் திறந்தால் உருண்டு வெளிவரும் ஒரு சிறு வண்டி ஆகியன அதன் சிறப்புகள்.

இவ்வரிசையின் தொடக்க காலத்தில் பகைவர் என்றொரு கூட்டம் இருக்கவில்லை என்பது எமக்கு மிகவும் உவப்பான செய்தி. அவ்வீரர்கள் சென்றார்கள், இறங்கினார்கள், நிலத்தை ஆராய்ந்தார்கள், கூடாரம் அமைத்தார்கள். 1987இற் கறுப்புடை தரித்த ஒரு கூட்டமும், 1989இல் அக்கூட்டத்தாரைச் சிறைப்பிடிக்கும் விண்வெளிப் பொலிசாரும் பெட்டிகளில் வந்து சேர்ந்தனர். அதற்கு முன் அக்கலங்களை வைத்து விளையாடிய பிள்ளைகள், வானத்தைப் போர்க்களமாகவன்றிப் போய்ப் பார்க்கவேண்டிய இடமாகக் கருதி வளர்ந்தனர். அவ்வீரர்களின் தலைக்கவசத்து நாடிப்பகுதி மெல்லியதாகையால், விளையாட விளையாட அவ்விடத்தில் வெடித்துவிடும். 2014இல் வெளிவந்த லெகோத் திரைப்படத்தில் நீல நிற விண்வெளி வீரன் அதே வெடிப்போடு தோன்றியபோது, நாற்பது வயது கடந்த பலர் தமது பழைய பெட்டியை நினைத்துக்கொண்டனர்.

இனி, கட்டிகளால் விண்கலம் ஆக்கும் கலைக்கு வருவோம். வீடு கட்டும் பிள்ளைக்கு முன்னே வீடுகள் இருக்கின்றன. வண்டி கட்டும் பிள்ளைக்குத் தெருவில் வண்டிகள் இருக்கின்றன. நட்சத்திரங்களுக்குச் செல்லும் கலத்துக்கோ பார்த்துச் செய்ய ஒரு மூலம் இல்லை. ஓட்டுபவர் எங்கே அமர்வார்? எதன் வழியே வெளியே வருவார்? பொறி எங்கே? காற்றில்லா வெளியிற் செல்லும் கலத்துக்குச் சிறகு வேண்டுமா? இவ்வினாக்களுக்கெல்லாம் பிள்ளை தன் அறிவைக் கொண்டே விடை காண வேண்டும். பிழையான விடைக்குத் தண்டனை இல்லை; ஆயினும் கட்டிகள் ஏமாறுவதில்லை. பாரம் ஒருபுறம் மிகுந்தால் கலம் சரியும். இணைப்பு மெலிந்தால் சிறகு கழன்று விழும்.

தேர்ந்தவர்கள் கையாளும் முறைகளுள் ஒன்றை மட்டும் விளக்குவோம். கட்டியின் குமிழ்களுக்கிடையே உள்ள தூரம் 8 மில்லிமீற்றர். கட்டியின் உயரம் 9.6 மில்லிமீற்றர். அதன் மூன்றிலொரு பங்கு உயரமுள்ள தகடு 3.2 மில்லிமீற்றர். ஆகவே ஐந்து தகடுகளை அடுக்கினால் 16 மில்லிமீற்றர் வரும். அது சரியாக இரண்டு குமிழ்களின் அகலம். இவ்வொரு கணக்கை அறிந்தவன், கட்டிகளைப் பக்கவாட்டிலும் தலைகீழாகவும் திருப்பி, இடைவெளியின்றிப் பொருத்துவான். மேல்நோக்கி மட்டும் வளரும் படிக்கட்டு வடிவம் மறைந்து, கலத்தின் உடல் வழுவழுப்பாகின்றது. பெருக்கல் வாய்பாட்டைச் சலிப்போடு ஒப்புவிக்கும் சிறுவனும் இக்கணக்கை மறப்பதில்லை. அவனுக்கு அது தேவைப்படுகின்றது.

கலத்தின் மேற்பரப்பை நுணுக்கமாகக் காட்டுவது மற்றொரு திறன். 1977இல் வெளிவந்த 'ஸ்டார் வோர்ஸ்' படத்துக்கு மாதிரிக் கலங்கள் செய்தவர்கள், கடைகளில் விற்கும் போர்த்தாங்கி, கப்பல் மாதிரிகளின் உதிரிகளைப் பிரித்து ஒட்டியே அக்கலங்களுக்குப் பெருமையான தோற்றத்தைக் கொடுத்தனர். கட்டிகளால் ஆக்குவோரும் அவ்வழியே நீர்க்குழாயையும் சைக்கிளையும் சிறு கோடரியையும் பொறியின் உறுப்புகளாக மாற்றுகின்றனர். ஆண்டுதோறும் செப்தெம்பர் மாதத்தில், உலகின் பல நாடுகளிலும் உள்ள ஆர்வலர், நூறு குமிழ் நீளத்துக்குக் குறையாத, அதாவது 80 சென்ரிமீற்றர் நீளமேனும் உள்ள கலமொன்றை அம்மாதத்தினுள் கட்டி முடிக்க முயல்கின்றனர். அத்துணை நீண்ட கலம் தன் பாரத்தாலேயே நடுவில் முறியும். ஆதலால் உள்ளே துளையிட்ட சட்டங்களால் முதுகெலும்பு அமைத்து, அதன்மேல் உடலைப் போர்த்துகின்றனர்.

இயந்திர மனிதன் இதனினும் கடினம். 'றோபோ' என்னும் சொல்லைச் செக் நாட்டு எழுத்தாளர் கரெல் சாப்பெக் 1920இல் எழுதிய நாடகமொன்றே உலகுக்கு அளித்தது. கட்டாய வேலை எனப் பொருள்படும் சொல்லிலிருந்து அது பிறந்தது. கட்டிகளாலான றோபோ இரண்டு கால்களில் நிற்க வேண்டும். அதன் பாரத்தின் மையம் பாதங்களுக்கு மேலே அமையாவிடின் முகங்குப்புற விழும். நீட்டிய கை நெம்புகோலாகித் தோள்மூட்டை இழுக்கும். ஆகவே பாதத்தைக் கனமாகவும் கையை இலேசாகவும் அமைத்து, பந்து மூட்டும் கீலும் எங்கெங்கே பொருந்தும் என்று பலமுறை சோதிக்கின்றனர். தன் உடம்பின் முழங்காலையும் தோளையும் முதன்முறையாக உற்றுநோக்கும் சிறுவன் அப்போது உருவாகின்றான். இங்கிலாந்தைச் சேர்ந்த பீற்றர் ரீட் என்னும் ஆர்வலர் கட்டிய, வீரன் உள்ளே ஏறி இயக்கும் இயந்திர உடை 2014இல் லெகோவின் பெட்டியாகவே வெளிவந்தது. கட்டிகளுக்கு அறிவூட்டும் முயற்சியும் நடந்தது. 1998இல் வெளிவந்த 'மைண்ட்ஸ்டோர்ம்ஸ்' என்னும் பெட்டி, கணினிக் கட்டளையால் அசையும் றோபோக்களைப் பிள்ளைகளே ஆக்க வழிசெய்தது. கல்வி அறிஞர் செய்மூர் பப்பேர்ட் 1980இல் எழுதிய நூலின் பெயரே அதற்கு இடப்பட்டது. 2022ஆம் ஆண்டோடு அதன் விற்பனை நிறுத்தப்பட்டது.

இவ்விடத்தில் பெற்றோரின் கவனத்துக்கு ஒன்று கூற வேண்டும். 1999இல் 'ஸ்டார் வோர்ஸ்' கலங்கள் லெகோப் பெட்டிகளில் வரத் தொடங்கியதன் பின், திரையிற் கண்ட கலத்தை அப்படியே செய்யும் வழக்கம் பெருகியது. பெட்டியின் மேல் படம். உள்ளே படிப்படியான கைந்நூல். இறுதியில் அலுமாரித் தட்டில் ஒரு காட்சிப்பொருள். கைந்நூலை நாம் பழிக்கவில்லை. பிறர் கண்ட நல்ல முறைகளை அது கற்பிக்கின்றது, பொறுமையைப் பழக்குகின்றது. பார்த்தெழுதுதல் எழுத்துக்குத் தொடக்கம். பார்த்தெழுதுவதோடு நின்றுவிட்டவன் ஒரு கடிதமேனும் சொந்தமாக எழுதமாட்டான். ஒருமுறை கட்டி, தூசி படிய வைத்திருக்கும் கலத்தில் முந்நூறு உறுப்புகள் சிறைப்பட்டிருக்கின்றன. அக்கலத்தைப் பிள்ளை கலைக்க விரும்பும் நாளே அவன் தேர்ச்சி பெறும் நாள். அன்று, "இவ்வளவு பணம் கொடுத்து வாங்கியதைப் பிரிக்கின்றாயே" என்று தடுப்பது நன்றன்று.

இவ்வுலகத்தார் தம்முள் இறந்த ஒருவரை நினைவுகூரும் விதமும் இதற்குச் சான்று. சிறு விண்கலங்களைக் கட்டுவதிற் பெயர்பெற்ற அமெரிக்கக் கலைஞர் ஒருவர் 2010இற் காலமானார். 1985இல் வெளிவந்த ஜப்பானிய விளையாட்டொன்றில் வரும், முன்புறம் இரண்டு நீண்ட கூர்களையுடைய கல வடிவம் அவருக்கு மிகவும் விருப்பமானது. அவர் நினைவாக நவெம்பர் மாதத்தில் ஆர்வலர் பலர் அவ்வடிவத்தில் கலங்களை ஆக்குகின்றனர். அவர் கட்டியவற்றை அவ்வாறே நகல் எடுப்பதில்லை. ஒவ்வொருவரும் தத்தம் கருத்துப்படி புதியதொன்றைக் கட்டுகின்றனர். மாதம் முடிந்ததும் அக்கட்டிகள் மீண்டும் பெட்டிக்குத் திரும்புகின்றன. கல்லில் எழுதும் நினைவுச்சின்னத்துக்கு இது குறைந்ததன்று என்பது எமது துணிபு.

ஆதலால் பெற்றோரே, சில எளிய வழிகளைக் கைக்கொள்ளுங்கள். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இச்சிறு உறுப்புகள் எட்டாதிருக்கட்டும். வளர்ந்த பிள்ளைக்கு எல்லாக் கட்டிகளும் கலந்த ஒரு பெட்டி இருக்கட்டும். பாதியிற் கட்டியது ஓரிரவு மேசைமேல் அப்படியே கிடக்கட்டும். உறக்கத்தில் விடை கண்டு காலையில் முடிப்பான். கலத்தைக் காட்டும்போது, எதைப் போலச் செய்தாய் என்று கேளாதீர்கள். இதில் வருபவர் எங்கே உறங்குவார், பழுதுற்றால் எப்படித் திருத்துவார் என்று கேளுங்கள். விடை சொல்லத் தொடங்கும்போதே அவன் கை மாற்றங்கள் செய்யத் தொடங்கும்.

சிற்றில் இழைத்த சிறுமியருக்குத் தம் வீடு அழியாதிருக்க வேண்டும் என்னும் கவலை இருந்தது. கட்டிகளாற் கலம் சமைக்கும் பிள்ளைக்கு அக்கவலை வேண்டியதில்லை. கலைத்த கலத்தின் கட்டிகள் பெட்டியில் இருக்கின்றன; அதைக் கட்டிய அறிவு அவனிடம் இருக்கின்றது. நாளைய கலத்துக்கு அவ்விரண்டும் போதும்.