'இரண்டாந்தரம்' என்னும் தீர்ப்பு

புணேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கப்பட்ட ஆண்டு 1964. நாடியா சாட்டையேந்தி நடித்த 'ஹண்டர்வாலி' வெளிவந்த ஆண்டு 1935. இடைப்பட்ட காலத்தில் எண்ணற்ற படச்சுருள்கள் அழிந்தன. நைட்ரேட் சுருள் எளிதில் தீப்பற்றும். அதிலுள்ள வெள்ளிக்காக விலைபோவதும் உண்டு. எஞ்சியவற்றிலும் ஒரு பகுதி 2003 ஜனவரியில் அதே புணேயில் நேர்ந்த தீ விபத்தில் கருகியது.

ஆயினும் அழிவின் பழி முழுவதையும் நெருப்பின்மேல் போடுவது நேர்மையன்று. எது காக்கத்தக்கது என்பதை நெருப்புக்கு முன்பே சொற்கள் முடிவு செய்துவிடுகின்றன. 'சமூகப் படம்', 'புராணப் படம்' என்னும் பெயர்களுக்குக் கிடைத்த மதிப்பு 'ஸ்டண்ட் படம்' என்பதற்குக் கிடைத்ததில்லை. அது வகைப்பெயர் போலத் தோன்றும் தரத்தீர்ப்பு.

1908-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மேரி ஆன் எவான்ஸாகப் பிறந்த நாடியா, 'மிஸ் பிராண்டியர் மெயில்' (1936) படத்தில் ஓடும் ரயிலின் கூரைமீது சண்டையிட்டார். 'டைமண்ட் குயின்' (1940) படத்தில் பெண் விடுதலை பேசினார். 1968 வரை நடித்தார். அவர் மறக்கப்படாமைக்கு வாடியா குடும்பத்தின் அக்கறை முதற்காரணம். அக்குடும்பத்தின் ரியாத் வாடியா 1993-இல் எடுத்த ஆவணப்படமும், ரோஸி தாமஸின் ஆய்வுகளும் அவரைக் கல்விப்புலத்துக்குக் கொண்டுவந்தன.

அக்கல்விப்புலத்தில் ஒரு வாதம் அடிக்கடி ஒலிக்கிறது: நாடியா வெள்ளைக்காரப் பெண் என்பதாலேயே அந்தத் துணிச்சல் திரையில் ஏற்கப்பட்டது என்பது அது. இதை ஏற்குமுன் 1937-ஐத் திரும்பிப் பார்க்க வேண்டும். கே. அமர்நாத் இயக்கிய 'மின்னல் கொடி' படத்தில் கே. டி. ருக்மிணி ஆணுடை தரித்துக் கொள்ளைத் தலைவராக நடித்தார். தமிழ்ப் பெண் ஒருவர், தமிழ்ப் பார்வையாளர்களுக்காக, 'ஹண்டர்வாலி' வந்த இரண்டே ஆண்டுகளில் செய்தது அது. மேற்கண்ட வாதத்துக்கு இதைவிடக் கடுமையான சோதனை வேண்டுமா? ஆனால் ருக்மிணியை 'தமிழ்நாட்டு நாடியா' என்று ஒரு வரியில் கடந்துபோவதே வழக்கமாகிவிட்டது. சான்றை நகல் என்று பெயரிட்டு ஒதுக்கிவிட்டு, எஞ்சியதைக் கொண்டு கோட்பாடு அமைக்கிறார்கள்.

வாளேந்திய எம்.ஜி.ஆரை யாரும் 'ஸ்டண்ட் நடிகர்' என்று சொல்லி நிறுத்துவதில்லை. 'மர்மயோகி' (1951) போன்ற படங்களின் வீரத்தில் அரசியல் தேடுகிறோம். எம். எஸ். எஸ். பாண்டியன் 1992-இலேயே அதற்கு நூலளவில் வழிகாட்டினார். அது தக்க மரியாதையே. ஆனால் ஆணின் வாள்வீச்சு அரசியலாகவும் பெண்ணின் வாள்வீச்சு வேடிக்கையாகவும் படிக்கப்படுமானால், அந்த வேறுபாடு படங்களில் இல்லை; படிப்பவரிடம் இருக்கிறது.

ஒரு நடிகையின் வரலாறு அவர் குடும்பத்தின் வசதியை நம்பியிருக்கக் கூடாது. பொதுப்பணத்தில் இயங்கும் காப்பகங்களும் பல்கலைக்கழகத் துறைகளும் அதற்காகவே உள்ளன. பாட்டுப்புத்தகங்கள், விளம்பரத் துண்டறிக்கைகள், பழைய இதழ்களின் விமர்சனங்கள் ஆகியவற்றைத் திரட்டுவது முதற்பணி. 'இரண்டாந்தரம்' என்று தீர்ப்பெழுதும் தகுதி அதன் பிறகே ஆய்வாளருக்கு வரும்.