வீட்டிலிருந்து வேலை: எல்லையை வகுப்பவர் யார்?

“வீட்டில்தானே இருக்கிறாய்?” வீட்டிலிருந்து வாடிக்கையாளர் சேவைப் பணி செய்யும் இளைஞர்கள் அடிக்கடி எதிர்கொள்ளும் கேள்வி இது. கடைக்குப் போய்வரச் சொல்லும் தாயும் இதையே கேட்கிறார். வேலை முடிந்த பிறகு குறுஞ்செய்தி அனுப்பும் மேலாளரும் இதையே நினைக்கிறார். வீட்டில் இருப்பவர் எப்போதும் ஓய்வாக இருப்பார் என்பது ஓர் எண்ணம். எப்போதும் வேலைக்குத் தயாராக இருப்பார் என்பது மற்றோர் எண்ணம். இரண்டுமே தவறு. இவற்றுக்கிடையே சிக்கித் தவிக்காமலிருக்கத் திட்டமிட்ட அன்றாட அட்டவணை இன்றியமையாதது.

2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தபோது பலருடைய வீடுகள் அலுவலகங்களாக மாறின. தொற்று தணிந்த பின்னரும் அப்பணிமுறை மறைந்துவிடவில்லை. ஈப்போவிலோ சுங்கை சிப்புட்டிலோ வாழும் ஓர் இளைஞர், மடிக்கணினியும் நல்ல இணைய இணைப்பும் இருந்தால், கோலாலம்பூருக்குக் குடிபெயராமலேயே வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்குச் சேவை வழங்கலாம். பெற்றோருடன் இருக்கலாம், வாடகையும் பயணச் செலவும் மிச்சமாகும். இது நல்ல வாய்ப்புதான். ஆயினும், வேலை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற எல்லை இதில் எளிதில் அழிந்துவிடுகிறது.

பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த முந்தைய தலைமுறையினருக்கு அந்த எல்லை கண்முன்னே இருந்தது. அவர்கள் விடியுமுன் பிரட்டுக்குச் சென்று பெயர் கொடுத்தார்கள். குளிர்ந்த வேளையில்தான் பால் நன்றாக வடியும் என்பதால் அதிகாலையிலேயே மரம் சீவினார்கள். பின்னர், மங்குகளில் சேர்ந்த பாலை வாளிகளில் சுமந்து சென்று நிறுத்துக் கொடுத்தார்கள். கடும் உழைப்பும் குறைந்த கூலியும் நிறைந்த அவ்வாழ்க்கையைச் சுகமானது என்று சொல்ல முடியாது. ஆனால், பால்மரம் லயத்து வீட்டுக்குள் வந்து நின்றதில்லை. இன்றோ, மடிக்கணினி படுக்கையறைக்குள்ளேயே வந்துவிடுகிறது. அன்று மரமும் வெயிலும் வகுத்த எல்லையை இன்று பணியாளரே வகுத்துக்கொள்ள வேண்டியுள்ளது.

அந்த எல்லையை வகுக்கும்போது முதலில் முடிவு செய்ய வேண்டியது தூக்க நேரம். குளிர்காலத்தில் லண்டனில் காலை 9.00 மணி என்றால் மலேசியாவில் மாலை 5.00 மணி. அந்நாட்டு வாடிக்கையாளருக்குச் சேவை செய்பவரின் வேலை நள்ளிரவைத் தாண்டி 1.00 மணிக்கு முடியலாம். அவர் 2.00 மணிக்கு உறங்கினால் காலை 9.00 மணி வரை அவ்வறை இருட்டாகவும் அமைதியாகவும் இருக்க வேண்டும். பகல் உணவு, வீட்டு வேலை, மாலையில் சிறிது நேர நடை அல்லது பூப்பந்து, இரவு உணவுக்கான இடைவேளை ஆகியவற்றை அதன் பிறகே அட்டவணையில் சேர்க்க வேண்டும். அட்டவணையை வீட்டார் பார்க்கும் இடத்தில் ஒட்டிவைத்தால், “வீட்டில்தானே இருக்கிறாய்?” என்ற கேள்வியும் குறையும்.

உடலுக்கு மட்டுமன்றி மனத்திற்கும் ஓய்வு தேவை. கோபமாகப் பேசும் வாடிக்கையாளரிடமும் கனிவாகவே பேச வேண்டியது இப்பணியின் இயல்பு. அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்சைல்டு, 1983இல் வெளியிட்ட நூலில் இதனை ‘உணர்வு உழைப்பு’ என விளக்கினார். அலுவலகத்தில் பக்கத்து மேசை நண்பரிடம் மனக்குறையைச் சொல்லி ஆறலாம். வீட்டில் தனித்திருப்பவருக்கு அவ்வாய்ப்பு குறைவு. எனவே, கடினமான அழைப்புக்குப் பின் எழுந்து சற்று நடப்பதும், வேலை முடியும்போது தீராத சிக்கல்களைக் குறித்துவைத்துவிட்டுக் கணினியை அணைப்பதும் நல்ல பழக்கங்களாகும்.

‘முதலாளி இடமளிக்காவிட்டால் அட்டவணையால் என்ன பயன்?’ என்று சிலர் கேட்கலாம். இது நியாயமான கேள்வி. அதனால்தான் சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம், 2023 ஜனவரி முதல் தீபகற்ப மலேசியாவில் வார வேலை நேர வரம்பை 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைத்தது. தொடர்ந்து ஐந்து மணி நேரத்திற்கு மேல் வேலை வாங்கினால் குறைந்தது 30 நிமிட இடைவேளை தர வேண்டும் என்பது பொது விதி. வேலை நேரத்தையோ இடத்தையோ மாற்றித் தரும்படி பணியாளர் எழுத்து மூலம் விண்ணப்பித்தால், முதலாளி 60 நாள்களுக்குள் எழுத்து மூலம் பதிலளிக்க வேண்டும். மறுத்தால் காரணமும் கூற வேண்டும். பிரான்சு இன்னும் ஒரு படி மேலே சென்றது. வேலை நேரத்திற்குப் பின் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமையை அந்நாடு 2017 முதல் சட்டத்தில் சேர்த்துள்ளது.

சுவர் இருந்தால்தான் சித்திரம் வரைய முடியும். வருமானம் எவ்வளவு உயர்ந்தாலும், உறக்கமும் உறவும் கெட்டால் அது நெடுநாள் நிலைக்காது. பணியாளர் அட்டவணையை வகுக்க வேண்டும். குடும்பத்தினர் அதனை மதிக்க வேண்டும். நிறுவனம் அதற்கு இடமளிக்க வேண்டும். இம்மூவரும் தத்தம் பொறுப்பை உணர்ந்தால்தான், சொந்த ஊரிலேயே வேலை என்ற வாய்ப்பு பேராக் இளைஞர்களுக்கு உண்மையான நன்மையாக அமையும்.