குறட்டை நின்னுடுச்சு... நோயும் போயிடுச்சா? வாயில் மாட்டும் சாதனம் பத்து வருடம் தாங்குமா?

திண்டிவனம் - திருவண்ணாமலை ரோட்டில், செஞ்சியைத் தாண்டி விடியற்காலை நாலு மணிக்கு நெல் லாரி ஓட்டுபவருக்கு ஸ்லீப் ஆப்னியா இருந்தால், அதை வெறும் குறட்டைப் பிரச்சினை என்று சொல்ல முடியாது. எதிரே டூவீலரில் வருபவரின் உயிரும் அதில் இருக்கிறது. தூக்கத்தில் தொண்டைச் சதை தளர்ந்து மூச்சுக்குழாயை அடைக்கிறது, ஆக்ஸிஜன் இறங்குகிறது, மூளை உலுக்கி எழுப்புகிறது. ராத்திரி முழுக்க இதேதான். பகலில் கண்ணைச் சுழற்றாமல் என்ன செய்யும்?

எய்ம்ஸ் டாக்டர்கள் 2023-ல் வெளியிட்ட ஆய்வின் மதிப்பீட்டின்படி, இந்தியாவில் வேலை செய்யும் வயதினரில் சுமார் 10.4 கோடி பேருக்கு இந்தப் பிரச்சினை இருக்கிறது.

இதற்கு முதல் மருந்து சிபேப் மெஷின். 1981-ல் ஆஸ்திரேலிய டாக்டர் காலின் சல்லிவன் அறிமுகப்படுத்தியது. மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி மூச்சுக்குழாயைத் திறந்தே வைக்கும். நன்றாக வேலை செய்யும். ஆனால் மாஸ்க்கோடு தூங்க பலருக்குப் பிடிப்பதில்லை; சில மாதத்தில் மெஷின் அலமாரிக்குப் போய்விடும்.

அங்கேதான் பல் டாக்டர் வருகிறார். மேல் பல், கீழ் பல் இரண்டுக்கும் அளவெடுத்துச் செய்த ஒரு சாதனம். ராத்திரி மாட்டினால் கீழ்த்தாடையைச் சில மில்லிமீட்டர் முன்னால் இழுத்துப் பிடிக்கும். நாக்கின் அடிப்பகுதியும் கூடவே முன்னால் வரும், மூச்சுக்கு வழி கிடைக்கும். கரன்ட் வேண்டாம், சத்தம் இல்லை, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகலாம். லாரி கேபினில் தூங்குபவருக்கு இதைவிட வசதி ஏது?

பலன் உண்டா? உண்டு. சிட்னியில் 126 பேரிடம் நடந்து 2013-ல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில், மணிக்கு எத்தனை முறை மூச்சு தடைபடுகிறது என்ற எண்ணிக்கையை சிபேப் 4.5 ஆகவும், வாய்ச் சாதனம் 11 ஆகவும் இறக்கியது. ஆனால் சாதனத்தை ராத்திரிக்கு ஆறரை மணி நேரம் மாட்டியவர்கள், சிபேப்பைப் போட்டது சுமார் ஐந்து மணி நேரம். கடைசியில் ரத்த அழுத்தம் உட்பட முக்கிய அளவீடுகளில் சாதனம் பின்தங்கவில்லை. சக்தி குறைவான மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்ட கதைதான். ஆனால் அது ஒரு மாத ஆய்வு.

பத்து வருடம் கழித்து? இங்கேதான் விளம்பரங்கள் மௌனமாகிவிடுகின்றன. ஸ்வீடனின் உமியோ பல்கலைக்கழக ஆய்வாளர் மேரி மார்க்லண்ட், 15 வருடத்துக்கும் மேலாகச் சாதனம் பயன்படுத்திய ஒரு சிலரை மறுபடியும் சோதித்தார். ஆரம்பத்தில் கிடைத்த பலன் குறைந்திருந்தது. மிகச் சின்ன ஆய்வு என்பது உண்மை. ஆனாலும் வயது ஏறும், எடை கூடும், சாதனமும் தேயும். நோய் மட்டும் அதே இடத்தில் நிற்குமா?

பல்லும் நகரும். கனடாவில் சராசரியாக 11 வருடம் பயன்படுத்தியவர்களைப் பார்த்த 2014 ஆய்வில், மேல் பல் கீழ்ப் பல்லின் மேல் படியும் அளவு சராசரியாக 2.3 மில்லிமீட்டர் குறைந்திருந்தது. அந்த மாற்றம் நிற்கவும் இல்லை, வருடா வருடம் தொடர்ந்தது. பெரும்பாலும் வலிக்காது என்பதால் பலர் கவனிப்பதே இல்லை. மூச்சு தடைபடுவதோடு ஒப்பிட்டால் இது சின்ன விலைதான், ஆனால் முதல் நாளே சொல்லப்பட வேண்டிய விலை.

பெரிய ஆபத்து, குறட்டை நின்றதும் "சரியாயிடுச்சு" என்று முடிவு கட்டுவது. சத்தம் குறைந்தும் மூச்சுத் தடை தொடரலாம். அதை வீட்டில் பக்கத்தில் படுப்பவரின் காது கண்டுபிடிக்காது, ஸ்லீப் டெஸ்ட்தான் கண்டுபிடிக்கும். அதனால்தான் அமெரிக்கத் தூக்க மருத்துவ அமைப்புகளின் 2015 வழிகாட்டுதல், சாதனம் பொருத்திய பிறகு அதை மாட்டிக்கொண்டே இன்னொரு டெஸ்ட் எடுக்கச் சொல்கிறது. பல் டாக்டரையும் தூக்க மருத்துவரையும் அவ்வப்போது பார்க்கவும் சொல்கிறது.

செஞ்சியில் இருப்பவருக்கு இது எவ்வளவு சாத்தியம்? புதுச்சேரி சுமார் 70 கிலோமீட்டர், சென்னை அதைப்போல இரண்டு மடங்கு. ஒவ்வொரு ஃபாலோ-அப்புக்கும் ஒரு நாள் கூலி போகும். கிளிப்பை வாங்கி மாட்டியதோடு சிகிச்சை முடிந்துபோவது இந்தத் தூரத்தால்தான். விழுப்புரம், திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரிகள் வீட்டிலேயே எடுக்கக்கூடிய ஸ்லீப் டெஸ்ட் கருவிகளைத் தாலுகா மருத்துவமனைகள் வழியாகக் கொடுத்து வாங்கினால், பாதி அலைச்சல் குறையும். விரலிலும் மூக்கிலும் மாட்டி ஒரு ராத்திரி தூங்கினால் போதும். டேட்டாவை டாக்டர் எங்கிருந்தும் பார்க்கலாம். அரசு இதைச் செய்யாததற்குச் செலவு ஒரு காரணமாக இருக்க முடியாது.

அதுவரை, வாங்க நினைப்பவர்களுக்கு: டெஸ்ட் எடுக்காமல் நேரடியாக அளவெடுக்கும் கிளினிக் வேண்டாம். வெந்நீரில் போட்டுக் கடித்துப் பதிக்கும் ஆன்லைன் ரகமும் வேண்டாம். ஈறு நோயால் பல் ஆடினால், அல்லது பிடிமானத்துக்குப் போதுமான பல் இல்லை என்றால், இது ஒத்துவராது. மணிக்கு 30 முறைக்கு மேல் மூச்சு தடைபடும் தீவிர நிலையில் முதல் தேர்வு இன்னமும் சிபேப்தான். ஏற்கெனவே போட்டிருந்தால், கடைசி ஸ்லீப் டெஸ்ட் எந்த வருடம் எடுத்தது என்று ஃபைலைப் பாருங்க. எடை ஏறியிருந்தாலோ, பகல் தூக்கம் திரும்பியிருந்தாலோ, அடுத்த டெஸ்ட்டுக்கு அதுதான் நேரம்.