நீரின் நஞ்சும் நீரின் வயதும்

கண்ணுக்குத் தெளிவு, நாவுக்குச் சுவை, மூக்குக்கு நாற்றமின்மை. நல்ல நீருக்கு நாம் வழிவழியாகக் கொண்டுள்ள இலக்கணம் இதுவே. இந்த இலக்கணத்தை நம்பி இலட்சோப இலட்சம் மக்கள் நஞ்சருந்திய நாடு ஒன்று உண்டு. கங்கையும் பிரமபுத்திரையும் மேக்னாவும் கூடிக் கடல் சேரும் வங்கதேசமே அது.

அந்நாட்டு மக்கள் நெடுங்காலம் குளத்து நீரையும் கேணி நீரையுமே பருகி வந்தனர். அந்நீர் வழியே காலராவும் வயிற்றுப்போக்கும் பரவிக் குழந்தைகளை வாரிக்கொண்டு போயின. ஆகவே 1970களில் யூனிசெஃப் நிறுவனத்தின் துணையுடன் அரசு அடிகுழாய்க் கிணறுகளை ஊர்தோறும் அமைத்தது. நோக்கம் தூயது என்பதில் ஐயமில்லை. பின்னர் மக்களே தம் செலவில் வீட்டுக்கு வீடு கிணறு இறக்கிக்கொண்டனர். மூங்கில் சாரமும் ஓர் இரும்புக் குழாயும் மூன்று நான்கு ஆட்களும் இருந்தால் போதும். குழாயின் வாயை உள்ளங்கையால் மூடியும் திறந்தும் சேற்று மண்ணை மேலே கொணர்ந்து கிணறு இறக்கிவிடும் கைத்தேர்ச்சி அந்நாட்டுத் தொழிலாளர்க்கு உண்டு.

தண்ணீர் பளிங்குபோல் வந்தது. அதனுள் ஆர்சனிக் இருந்தது. நம் சித்த மருத்துவ நூல்கள் வெள்ளைப் பாஷாணம் என்று குறிப்பது இத்தனிமத்தின் சேர்மத்தையே. 1983இல் அண்டை மாநிலமான மேற்கு வங்கத்தில் தோல் மருத்துவர் கே. சி. சாஹா, உள்ளங்கை தடித்து மேனியெங்கும் கரும்புள்ளி படர்ந்த நோயாளிகளைக் கண்டு, நோயின் வேர் கிணற்று நீரில் உள்ளதெனக் கூறினார். எல்லைக்கு இப்பால் கேட்ட அந்த எச்சரிக்கை எல்லைக்கு அப்பால் உறைக்கப் பத்தாண்டுகள் ஆயின. 1993இல்தான் வங்கதேசக் கிணற்றில் ஆர்சனிக் இருப்பது உறுதியாயிற்று. 2001இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு 3,534 கிணறுகளைச் சோதித்தது. 150 மீட்டருக்கு மேற்பட்ட ஆழம் செல்லாத கிணறுகளுள் 27 விழுக்காட்டில், லிட்டருக்கு 50 மைக்ரோகிராம் என்னும் அந்நாட்டு வரம்பையும் நஞ்சு கடந்திருந்தது. உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் அளவோ 10 மைக்ரோகிராம்தான்.

இங்கே ஒரு செய்தியை அறிவியல் மாணவர்கள் ஊன்றி நோக்க வேண்டும். 1992இலேயே பிரித்தானிய நிலவியல் ஆய்வு நிறுவனம் வங்கதேசத்தின் சில பகுதிகளில் நிலத்தடி நீரின் வேதியியலை ஆராய்ந்து அறிக்கை தந்திருந்தது. பல தனிமங்களை அளந்த அந்தப் பட்டியலில் ஆர்சனிக் இடம்பெறவில்லை. பாதிக்கப்பட்டவர் ஒருவர் தொடுத்த வழக்கு 2006இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் அவை வரை சென்றது. அம்மக்கள்பால் அந்நிறுவனத்துக்குச் சட்டப்படியான கடப்பாடு ஏதுமில்லை என்று தீர்ப்பாயிற்று. சட்டத்தின் கண்ணில் அது சரியாகவே இருக்கலாம். ஆயினும், தேடாத பொருளை வேதியியல் ஒருநாளும் காட்டித் தருவதில்லை என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேறில்லை.

நஞ்சு வந்த வழியை வெளிப்படுத்தியதும் அதே வேதியியல்தான். பாசனத்துக்கு நீரை மிகுதியாக இறைத்ததால் காற்றுப் புகுந்து, மண்ணிலுள்ள பைரைட் கனிமம் சிதைந்தது என்று முதலில் சிலர் கருதினர். அது மெய்யாயின் நீரில் சல்பேட்டு மிகுந்திருக்க வேண்டும். அளந்து பார்த்தபோது சல்பேட்டு குறைவாகவும் கரைந்த இரும்பு நிறைந்தும் காணப்பட்டது. இமயத்திலிருந்து ஆறுகள் சுமந்துவந்த வண்டலில் இரும்புத் துரு மணல்மேல் போர்வைபோல் படிந்திருக்கிறது. ஆர்சனிக் அதனைப் பற்றிக்கொண்டிருக்கிறது. மக்கும் தாவரப் பொருளை உண்ணும் நுண்ணுயிர்கள் உயிர்வளி தீர்ந்ததும் அத்துருவைக் கரைக்கின்றன. ஒட்டியிருந்த நஞ்சும் விடுபட்டு நீரில் கலக்கிறது. 1998இல் வெளியான இவ்விளக்கமே இன்று பெரிதும் ஏற்கப்பட்டுள்ளது.

வேதியியலுக்குத் துணையாக வந்தவை, நீர் சென்ற தடத்தைக் காட்டும் இயற்கைச் சுவடுகள். 1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வெடித்த அணுகுண்டுகள் வானில் டிரிட்டியத்தைப் பரப்பின. அது மழையோடு இறங்கி மண்ணுள் புகுந்தது. அதன் அரைவாழ்வு 12.3 ஆண்டு. கிணற்று நீரில் டிரிட்டியம் தென்பட்டால், அந்த நீரில் ஒரு பகுதியேனும் அக்காலத்திற்குப் பின் பெய்த மழையே. அழிவுக்கென்று செய்த குண்டு நீரின் வயதை அளக்கும் கடிகாரமாகவும் பயன்பட்டது விந்தைதான்! அதனினும் பழைய நீருக்கு, 5,730 ஆண்டு அரைவாழ்வுடைய கார்பன்-14 உதவுகிறது.

இவ்விரண்டும் சொல்லும் செய்தி யாது? மேலடுக்கு நீர் பெரும்பாலும் இளைய நீர். நஞ்சும் அங்கேதான் மிகுதி. 150 மீட்டருக்குக் கீழுள்ள நீரிலோ நஞ்சு பெரும்பாலும் இல்லை. டிரிட்டியமும் இல்லாத அந்நீரின் வயது பல்லாயிரம் ஆண்டு. இளமை நஞ்சு, முதுமை அமுது என்று இதனைச் சூத்திரமாக்கிவிடலாகாது. கீழ்மணல் கடல்மட்டம் தாழ்ந்திருந்த பனியூழிக்கு முன்பே படிந்து நன்கு பக்குவமடைந்தது என்பதே காரணம். வயது நமக்குக் கூறுவது வேறொன்று: இறைத்த இடத்தை நிரப்ப அத்தகைய நீர் விரைந்து வாராது. வற்புறுத்தி இறைத்தால், மேலிருக்கும் நஞ்சு நீரே கீழிறங்கும்.

ஆகவே என் கருத்து இது: அந்த ஆழ்நீரை மக்களின் குடிநீருக்கென்றே சட்டத்தால் ஒதுக்கிவைக்க வேண்டும். ஹாலி மைக்கேல், கிளிஃபர்டு வாஸ் என்னும் இருவர் 2008இல் வெளியிட்ட கணிப்பு இதற்கு வலுவூட்டுகிறது. வீட்டுத் தேவைக்கு மட்டும் ஆழ்நீரை எடுத்துப் பாசனத்தை மேலடுக்கோடு நிறுத்தினால், பாதிக்கப்பட்ட நிலப்பரப்பின் பெரும்பகுதியில் ஆயிரம் ஆண்டுக்கு மேலும் நஞ்சற்ற நீர் கிடைக்கக்கூடும் என்பது அவர்தம் முடிவு. ‘உழவன் என்ன செய்வான்? நஞ்சு கலந்த மேல்நீரைப் போரோ நெல்லுக்குப் பாய்ச்சினால் வயலும் கெடாதா?’ என்று கேட்பீர்கள். கெடும். விளைச்சலும் குன்றும். அதற்கு ஆற்றுநீரைக் கொணர்வதும், நீர் குறைவாக வேண்டும் பயிர்களை நாடுவதும்தான் வழி. எளிதன்று, ஆயினும் வயலுக்கு மாற்று உண்டு, தாகத்துக்கு இல்லை.

2013ஆம் ஆண்டின் நீர்ச் சட்டத்தில் வங்கதேசம் குடிநீருக்கு முதலிடம் தந்துள்ளது. ஏட்டில் தந்தது ஊரில் கிட்டியதா? ஏறத்தாழ 2 கோடி மக்கள் இன்னும் நஞ்சு நீரையே பருகுகின்றனர் என்றும், அரசு செலவில் இறக்கும் ஆழ்கிணறுகள் அரசியல்வாதிகளின் ஆதரவாளர் வீட்டு முற்றத்துக்குச் சென்றுவிடுகின்றன என்றும் மனித உரிமைக் கண்காணிப்பகம் 2016இல் அறிவித்தது. மூத்த நீரைக் கண்டறிய அறிவியலார் பட்ட பாடெல்லாம் செல்வாக்குடையோர் வாசலில் முடிவது எத்துணைக் கொடுமை!

2000ஆம் ஆண்டை ஒட்டி ஏறத்தாழ 50 இலட்சம் கிணறுகளைச் சோதித்து, நஞ்சுள்ளவற்றுக்குச் சிவப்பும் நல்லவற்றுக்குப் பச்சையும் பூசினர். அந்த வண்ணங்கள் மழையிலும் வெயிலிலும் எப்போதோ கரைந்து போயின. அதன்பின் புதிதாக இறக்கிய கிணறுகள் பலவற்றை எவரும் சோதிக்கவே இல்லை. அக்கிணறுகளிலும் தண்ணீர் பளிங்குபோலவே வருகிறது.